லீவில் வந்தவன்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில், வெளிநாட்டு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிவதற்குள் திரும்பிவிட்டவனைப் பார்த்து, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பள்ளிவாசலிலும் எந்தக் கோயில் கூட்டத்திலும் பேசி வைத்த முடிவல்ல இது. ஆனாலும் இதை மீறியவர் ஒருவரைக்கூட அந்தத் தெருக்கள் கண்டதில்லை. வந்தவனிடம் கேட்கத் தக்கது ஒரே கேள்வி: "லீவா?" அவன் சொல்லத் தக்கது ஒரே பதில்: "ஆமா, லீவு." லீவு எப்போது முடிகிறது என்பது அதற்குமேல் எவருடைய கவலையும் அன்று. அவன் வீட்டிலிருந்து வரும் பேரீச்சம்பழப் பொட்டலத்தில் நம்மூர்க் கடைவீதியின் விலைச்சீட்டு கிழிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அந்த நாட்டுப் பழம் தனிதான்" என்று சொல்லிவிட வேண்டும். துபாயிலிருந்து பாதியில் வந்த கொளஞ்சிநாதன், அதற்குப் பிறகு செல்போன் கடை வைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்துவிட்டார். தெருவைப் பொறுத்தவரை அவர் இன்னும் லீவில்தான் இருக்கிறார்.

கேட்கக் கூடாது என்பது ஊராருக்கு. சொல்லக் கூடாது என்பது வந்தவனுக்கு. சொல்ல வாயெடுத்தால் மூன்றில் ஒன்றைக் குறை சொல்லியாக வேண்டும்: போன நாட்டை, அனுப்பி வைத்த ஏஜெண்டை, அல்லது தன்னை. நாடு தூரத்தில் இருக்கிறது. ஏஜெண்டோ அடுத்த தெருக்காரர். நாளை இன்னொருவன் அவர் மூலமாகப் போக வேண்டியிருக்கும். ஆகவே வாயை மூடிக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

இந்த வசதி தொண்டையில் சிக்கிய முள்ளாக மாறியது திருமாலுக்குத்தான்.

திருமால், மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் சூளையைப் பார்த்துக்கொள்பவன். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவன். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே படிப்பைப் படித்த முகம்மது அஷ்ஃபாக், சென்ற ஆண்டு ஓமானில் தரை ஓடு செய்யும் பெரிய ஆலை ஒன்றுக்குச் சூளை இயக்கப் போனான். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஓராண்டு நிறைவதற்குள், ஒரு விடியற்காலை, பள்ளிக்கூடப் பிள்ளை தூக்குகிற அளவுக்கு ஒரு பையோடு பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வீடு வந்து சேர்ந்தான். அவன் மனைவி சாதிகா அக்கம்பக்கத்தில் லீவு என்றாள். அக்கம்பக்கமும் லீவு என்றது.

அந்த வாரத்திலேயே ஏஜெண்டு தர்மராஜ் திருமாலைத் தேடி வந்து நல்ல செய்தி சொன்னார். ஓமானில் வேலை கிடைத்துவிட்டது. அதே ஆலை. அதே சூளை. அஷ்ஃபாக் விட்டுவிட்டு வந்த அதே இடம்.

ஞாயிறு மாலைக்குள் பாஸ்போர்ட்டைத் தர்மராஜிடம் கொடுத்துவிட வேண்டும். திங்களன்று அவர் அதைச் சென்னைக்கு எடுத்துப் போவார். கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. இங்கே முதலாளி ஏற்கெனவே இன்னொரு ஆளைப் பார்த்து வைத்துவிட்டார். கருவேப்பிலங்குறிச்சியில் வாங்கிப்போட்ட மனையில், கடைக்கால் மட்டும் எழும்பி நிற்கும் வீடு ஒருபுறம் திருமாலைப் போ போ என்றது. மறுபுறம், அந்த ஆலையை அறிந்த ஒரே மனிதன் மூன்று தெரு தள்ளி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். அது போகத் தக்க இடமா, தகாத இடமா என்பதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவான். அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்கத்தான் வழியில்லை.

"கேட்டுத் தொலைங்களேன்," என்றாள் மதிவதனி. திருமாலின் மனைவி திருவாரூர்ப் பக்கத்துக்காரி. வாழ்க்கைப்பட்டு வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியும் இந்த ஊரின் சில காரியங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை.

"கேக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"கேக்க மாட்டாங்க."

"யாரு?"

"யாரும்."

"நல்ல ஊருங்க உங்க ஊரு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட என்ன சம்பளம், என்ன வியாதி, பொண்ணுக்கு எத்தன பவுனு போட்டீங்க, எல்லாம் கேப்பீங்க. கூடப் படிச்சவன்கிட்ட இத மட்டும் கேக்க மாட்டீங்க."

அவள் சொன்னது முழுக்கச் சரி என்பதும், அவள் சொன்னபடி செய்ய முடியாது என்பதும் திருமாலுக்கு ஒரே தெளிவோடு தெரிந்தன.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அஷ்ஃபாக்கே தொலைபேசியில் அழைத்தான். வந்ததிலிருந்து வாசற்படி தாண்டிப் பள்ளிவாசலுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தவன்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம ஒன் வண்டி சும்மாதான நிக்கும்? மலைக்குப் போயிட்டு வருவமா? கல்வராயன்."

"திடீர்னு என்னாடா மலை?"

"சும்மாதான். படிக்கிறப்ப போனது. வளைவுல வண்டி ஓட்டி நாளாச்சி."

திருமால் போனை வைத்தான். ஊர்க் காது எட்டாத இடத்துக்கு அழைக்கிறான் என்றால் சொல்லப்போகிறான் என்றுதான் பொருள். கேட்காமலேயே சொல்லிவிடுவான். பெரும் பாரம் ஒன்று இறங்கியது போலிருந்தது.

ஞாயிறு காலை அஷ்ஃபாக் வீட்டு வாசலில் திருமால் தன் பல்சரை நிறுத்தியபோது, சாதிகா தண்ணீர் பாட்டிலையும் காகிதத்தில் சுற்றிய பரோட்டாவையும் கொண்டுவந்து பையில் வைத்தாள். வைத்த பிறகும் உள்ளே போகவில்லை. பையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணே," என்றாள்.

"சொல்லும்மா."

அவள் கணவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "மழ வந்தா எங்கனா ஒதுங்கி நின்னு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வானத்தில் மேகத்தின் சுவடே இல்லை. அவன் திரும்பி வந்த காரணம் அவளுக்கும் தெரியாதோ என்ற ஐயம் முதன்முறையாகத் திருமாலுக்குத் தோன்றியது. மனைவியும் ஊரில் ஒருத்திதானே.

அஷ்ஃபாக் கட்டியது ஓமான் ஆலை கொடுத்த பாதுகாப்பு ஷூ. முன்பக்கம் இரும்பு வைத்தது. மேலே ஆலையின் முத்திரை. அதைத் துணியால் துடைத்து வேறு பளபளப்பாக்கியிருந்தான். திருமாலின் மூளை உடனே வேலை செய்யத் தொடங்கியது. வெறுத்துப்போய் ஓடி வந்தவன் அந்த இடத்துச் செருப்பைக் காலில் மாட்டுவானா? மூட்டை கட்டிப் பரண்மேல் எறிந்திருப்பான். ஆகவே ஆலை நல்ல ஆலை. வந்த காரணம் வேறு ஏதோ வீட்டுக் காரணம். இந்த முடிவோடு அவன் வண்டியைத் தந்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

முடிவு வேப்பூர் வரை தாங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு நடுவே நின்று டீ குடிக்கும்போது அஷ்ஃபாக் கேட்டான்.

"பாஸ்போர்ட்ட குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் குடுக்கணும். தர்மராஜ் அண்ணன் டீக்கடைக்கு வந்துர்றன்னாரு." திருமால் சட்டையின் உட்பையைத் தொட்டுக் காட்டினான். திரும்பி வரும்போது அப்படியே கொடுத்துவிடலாம் என்று அதை எடுத்தே வந்திருந்தான்.

"ம்," என்றான் அஷ்ஃபாக். காலிக் கிளாசை மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அது ஒப்புக்கொள்ளும் 'ம்'மா, போகாதே என்னும் 'ம்'மா, டீ முடிந்தது என்பதற்கான 'ம்'மா? சின்னசேலம் வரும்வரை திருமால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இருபுறமும் மானாவாரி நிலங்கள் காய்ந்து கிடந்தன. காற்றில் அஷ்ஃபாக் தோளுக்குமேல் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டு வந்தான். பேசியதெல்லாம் ஆலையைப் பற்றித்தான்.

"மெஸ்ஸுல மலையாளத்தான் சமையலுடா. வெள்ளிக்கெழம பிரியாணி."

"நல்லாருக்குமா?"

"எங்க வூட்டு பிரியாணி மாதிரின்னு நெனைக்காத. ஆனா பிரியாணி."

"ரூமு?"

"ஏசி ரூமு. நாலு பேரு. ராத்திரில போத்திக்கலன்னா வெறச்சிப் பூடுவ."

"வேல?"

"வேல எங்கயும் வேலதான். நம்ம சூள மாதிரி பிசாசு இல்ல. பட்டனத் தட்டுனா ஓடும். நீ கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவ."

எல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் குழப்பம். குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம். இவ்வளவு நன்றாக இருந்த இடத்திலிருந்து ஒருவன் அந்தச் சின்னப் பையோடு ஏன் நடந்து வர வேண்டும்?

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே அஷ்ஃபாக் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றித் திருமாலின் கையில் மாட்டிவிட்டான்.

"இதப் போட்டுக்கிட்டு மூச்சு உட முடியலடா."

"மலையில போலீசு நிக்கும்."

"நிக்கட்டும். ஃபைன் கட்டுவோம்."

அதன் பிறகு வண்டி ஏறிய விதமே வேறாக இருந்தது. படிக்கிற காலத்தில் வளைவுகளில் முழங்கால் தரையில் உரசும்படி சாய்த்து ஓட்டியவன், இப்போது ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திவிடுவானோ என்று எண்ணும் அளவுக்கு மெதுவாகப் போனான். நேர்ச் சாலை வந்ததும் எதையோ விட்டுத் தப்பிப்பவனைப் போல விரட்டினான். கீழே கோமுகி அணை ஒரு வளைவில் இடப்பக்கம் தெரிந்தது. அடுத்த வளைவில் அதே நீர் வலப்பக்கம் கிடந்தது. அதற்கடுத்து இல்லவே இல்லை. திசை தெரியாமல் போன திருமால், நண்பனின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு யோசித்தான். மூச்சு விட முடியவில்லை என்கிறான். ஓட்டுத் தூள். சிலிக்கா. படிப்பில் அதைப் பற்றி ஒரு பாடமே உண்டு. நுரையீரலில் பிடித்துவிட்டதோ? கம்பெனி வைத்தியம் பார்த்து, ஆகாது என்று அனுப்பிவிட்டதோ? அப்படியானால் அதே இடத்தில் தான் நின்று அதே தூளை இழுக்கப்போகிறோம். உட்பையில் இருந்த பாஸ்போர்ட் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

பெரியார் அருவிக்குப் போகும் பாறைகளில் அந்த எண்ணமும் உடைந்தது. அஷ்ஃபாக் இரும்பு மூக்கு ஷூவோடு வெள்ளாடு போலத் தாவித் தாவி மேலே போய்விட்டான். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று வாயால் மூச்சு வாங்கியவன் திருமால்.

"என்னாடா மாப்ள, அதுக்குள்ள ஆவி போவுது?" மேலிருந்து அஷ்ஃபாக் சிரித்தான். "சூளக்காரன் நெலமையப் பாரு. ஒரு இன்சுலேட்டர முழுங்கிட்டவன் மாதிரி நிக்கிற."

"நீ தூக்கிட்டுப் போயேன்."

"ஒன்னத் தூக்கணும்னா கிரேனுல்ல வேணும்."

நுரையீரல் இல்லை. நிச்சயமாக இல்லை.

அருவிக்கருகே சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் அவனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. ஓமானிலிருந்து. ஷாஜி என்ற மலையாளி. அறையில் இவனுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவன். அஷ்ஃபாக் பாதி மலையாளத்திலும் பாதி இந்தியிலும் உரக்கப் பேசிச் சிரித்தான். பிறகு போனைத் திருமாலின் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

"இவன்தான் வர்றான்."

திரையில் உருண்டை முகமொன்று கையாட்டியது. "வா, வா. பெட்டு ரெடி," என்றது. அந்த முகத்துக்குப் பின்னால், மேல்கட்டிலில், சுருட்டி வைத்த மெத்தை ஒன்று தெரிந்தது. திருமால் எதற்கென்று தெரியாமல் அதற்கும் சேர்த்துத் தலையாட்டினான்.

பேசி முடித்ததும் அஷ்ஃபாக் போனைப் பாறையில் வைத்துவிட்டு, சட்டையோடு போய் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அருவி நீர் யாருடைய கண்ணையும் சிவக்க வைக்கும். திருமாலின் கண்ணும் வெறும் சாரலுக்கே எரிந்துகொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்?

"ஷாஜி தங்கமான பையன்," என்றான் அஷ்ஃபாக், சட்டையைப் பிழிந்தபடி. "அவன் இருக்குறவரைக்கும் ஒனக்குக் கவல இல்ல."

"சரிடா."

"ஏண்டா, மதிவதனிக்கு நெஜமாலுமே சம்மதமா?"

"ஏன் கேக்குற?"

"சும்மா கேட்டன்."

இருவரும் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். அருவி இரைந்துகொண்டேயிருந்தது. திருமால் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான். அஷ்ஃபாக்கும் எதற்கோ காத்திருப்பவனைப் போலத்தான் தெரிந்தான். தின்று முடித்த பிறகும் இருவரும் எழவில்லை. கடைசியில், "மேல வெள்ளிமல வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம்," என்று அஷ்ஃபாக் எழுந்தான். அந்தக் குரலில் இருந்தது சலிப்பு என்று திருமாலுக்குப் பட்டது. யார்மேல் சலிப்பு என்று விளங்கவில்லை.

வெள்ளிமலையில், கடைத்தெரு முடியும் இடத்தில், தகரம் வேய்ந்த டீக்கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள் பெரியநாயகி என்ற மலைக்காரப் பெண். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டே, வருகிறவன் போகிறவன் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தூரு சாமி?"

"விருத்தாசலம்."

"பொம்ம சுடுற ஊரா? என் மவ கொலுவுக்கு வாங்கியாந்தா ஒருக்கா. காது ஒடஞ்ச புள்ளையாரு." அவள் தானே சிரித்துக்கொண்டாள். "நீங்களும் பொம்மதான் சுடுறீங்களா?"

"நான் கரண்டு கம்பத்துல மாட்டுறது செய்யிறன்," என்றான் திருமால்.

"நீ சாமி?"

"நான் ஓமான்ல இருந்தன்மா," என்றான் அஷ்ஃபாக். "வெளிநாடு. அங்க ஒரு ஓட்டுக் கம்பெனி."

"வெளிநாட்டுலயா?" அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் சூதும் இல்லை, கரிசனமும் இல்லை. மழை பெய்ததா என்று கேட்கிற குரல்தான். "அப்பறம் ஏன் சாமி வந்துட்ட?"

கிழங்கைப் பிட்ட கை இலையிலேயே நின்றது. அஷ்ஃபாக் அவளை நிமிர்ந்து பார்த்தான். திருமால் அந்த முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தான். காலையிலிருந்து, ஏன், அவன் வந்த நாளிலிருந்தே, அதில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்தது. அஷ்ஃபாக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அது வந்துமா..." என்று தொடங்கினான்.

"லீவுல வந்திருக்காருமா," என்றான் திருமால்.

அவன் சொல்ல நினைக்கவில்லை. மேலிருந்து ஏதோ விழுகிறது என்றால் கை தானாகத் தலைக்குப் போவதில்லையா, அப்படித்தான் வாய் முந்திக்கொண்டது. சங்கடத்தில் மாட்டிய நண்பனை ஊர்க்காரன் எவனும் காப்பாற்றுகிற விதத்தில் காப்பாற்றினான். சொல் வெளியே போன பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே விளங்கியது.

"லீவா? சரி சரி," என்றாள் பெரியநாயகி. அடுத்து வந்த ஆளிடம் எந்தூரு என்று கேட்கப் போய்விட்டாள்.

அஷ்ஃபாக் திரும்பித் திருமாலைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா," என்றான் மெதுவாக. "லீவுதான்."

மீதிக் கிழங்கை அவன் தொடவில்லை.

இறங்கும்போது திருமால் வண்டியை ஓட்டினான். ஏறும்போது தெரியாத ஆழமெல்லாம் இறக்கத்தில் தெரிந்தது. அவன் மனம் சாலையில் இல்லை. என்ன சொல்லத் தொடங்கினான்? ஒருவேளை அவனுமே 'அது வந்துமா, லீவு' என்றுதான் முடித்திருப்பானோ? அப்படியானால் தான் கெடுத்தது ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஏன் கையைத் துடைக்க வேண்டும், ஏன் முன்னால் நகர வேண்டும்? உண்மையைத்தான் சொல்ல இருந்தான் என்றால், இத்தனை தூரம் வந்ததே அதற்காகத்தான் என்றால், வாயைத் திறப்பதற்கென்றே மலை ஏறி வந்த ஒருவனின் வாயைத் தன் கையாலேயே பொத்தியாயிற்று. இனிக் கேட்கவும் முடியாது. சற்றுமுன் லீவு என்று சாட்சி சொன்னவன் இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டால், இருவரும் பொய்யர் என்றல்லவா ஆகும்?

கீழிருந்து அரசுப் பேருந்து வளைவை நிறைத்துக்கொண்டு ஏறி வந்ததை அவன் மிகத் தாமதமாகத்தான் பார்த்தான். ஒடித்துப் பிரேக் பிடித்தான். வண்டி ஓரத்து ஜல்லியில் வழுக்கிச் சென்று, தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டி அவன் பிறப்பு வளர்ப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் இறங்கி அந்தச் சுவரிலேயே உட்கார்ந்தார்கள். கீழே அணை இப்போது நேர் எதிரே கிடந்தது.

"மெதுவாப் போடா," என்றான் அஷ்ஃபாக். "ஒன்ன நம்பி மதிவதனி இருக்கா."

"அஷ்ஃபாக்கு."

"என்னாடா."

கேள்வி நாக்கின் நுனி வரை வந்தது. "ஒண்ணுமில்ல," என்றான் திருமால்.

அஷ்ஃபாக் ஒரு சிறு கல்லை எடுத்துக் கீழே போட்டான். அது எங்கே விழுந்தது என்று ஓசை வரவில்லை. "அந்தக் கெழங்கு வித்த அம்மா நல்ல அம்மாடா," என்றான்.

"ஏன்?"

"எவ்ளோ சாதாரணமாக் கேட்டுது பாரு."

அவ்வளவுதான். எழுந்து வண்டியருகே போய்விட்டான்.

அதன் பிறகு சமவெளி வந்தது, சின்னசேலம் வந்தது, வேப்பூரில் இந்த முறை டீக்கு நிற்கவில்லை. வழிநெடுக அஷ்ஃபாக் சொன்ன அந்த ஒரு வாக்கியம் திருமாலின் பின்னால் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்தது. காலையில் அவனிடம் நான்கைந்து ஊகங்கள் இருந்தன. மாலையில் ஒன்றுகூட இல்லை. சூளைக்குள் பார்க்கும் துளையை அடைத்து வைத்துவிட்டு, உள்ளே என்ன வெப்பம் என்று சுவரைத் தொட்டுத் தொட்டுக் கணிக்கிற முட்டாள்தனத்தைத்தான் நாள் முழுக்கச் செய்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் துளையைத் திறப்பது எப்படி என்பது மட்டும் புலப்படவில்லை. ஊர் நெருங்க நெருங்க, பழகிய காற்றைப் போலப் பழைய அச்சமும் வந்து சூழ்ந்துகொண்டது.

தொழிற்பேட்டை வாசலில் விருத்தகிரியின் டீக்கடை ஞாயிற்றுக்கிழமையானாலும் கூட்டமாகத்தான் இருந்தது. சூளை மூட்ட வந்தவர்கள், சுட்ட சரக்கை இறக்கிவிட்டுப் போகிறவர்கள், வேலையில்லாமலேயே வந்து உட்காருகிறவர்கள். நடு பெஞ்சில் தர்மராஜ் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்களின் பாஸ்போர்ட்டுகள் ஏற்கெனவே அந்தப் பைக்குள் போய்விட்டிருந்தன.

"வாங்கய்யா, வாங்க," என்று இடம் விட்டார். "மலைக்கிப் போனீங்களாம்? ஜோடியாப் போயிட்டு இப்பிடி மண்ணுல பொரண்டவன்வோ மாதிரியா வருவாங்க? விருத்தகிரி, ரெண்டு டீ. பாயி, லீவெல்லாம் எப்டிப் போவுது?"

"போவுதுங்க," என்றான் அஷ்ஃபாக்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க. அங்க போயிட்டா ஏது ரெஸ்ட்டு?"

"ஆமாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், ஓமானில் இப்போது வெயில் கடுமையாக இருக்குமே என்றார். இன்னொருவர், லீவில் வந்தது நல்லதாயிற்று என்றார். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அன்புக்கு நடுவே அஷ்ஃபாக் கைகளைத் தொடைகளுக்கிடையே செருகிக்கொண்டு, முத்திரை போட்ட ஷூவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைத் திருமால் பார்த்தான். இன்று தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, நாளைக்கும் அதற்கு மறுநாளும் இதே பெஞ்சில் இவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அவன் லீவு முடியப்போவதில்லை.

தர்மராஜ் கையை நீட்டினார். "எடு திருமாலு. காலையில மொத பஸ்ஸப் புடிக்கணும் நான்."

திருமால் உட்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். வியர்வையில் அட்டை நனைந்து வளைந்திருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே," என்றான்.

பிறகு அஷ்ஃபாக்கின் பக்கம் திரும்பினான். தன் குரல் தேவையைவிட உரக்க வருகிறது என்று தெரிந்தது; தாழ்த்திக்கொள்ளவில்லை.

"அஷ்ஃபாக்கு, நீ லீவுல வரல. ஏண்டா திரும்பி வந்த?"

விருத்தகிரியின் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ குவளைகளுக்கிடையே நின்றது. பெஞ்சின் கோடியில் இருந்தவர் ஒருவர் எழுந்து போய்விடலாமா என்று பார்த்து, அதுவும் சரியில்லை என்று உட்கார்ந்தார். தர்மராஜின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "என்னாப்பா இது," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

அஷ்ஃபாக் தலையை நிமிர்த்தினான்.

"கேக்குறன்ல?" என்றான் திருமால். "ஏன் வந்த? சொல்லு." கேட்டுவிட்டு, எதிரில் கிடந்த மர ஸ்டூலை இழுத்து, கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டான்.